இல்லையென்றால் நின்றுவிடு

மும்பை பக்கத்து டோம்பிவிலிக் கடைகளில் எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கருப்பட்டி கேட்டேன். "ஆ ஜாயேகா, பைட்டோ" என்றார் கடைக்காரர். வந்துவிடும், உட்கார் என்று அர்த்தம். உட்கார்ந்தேன், வரவில்லை. தென்காசியில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் நாம் கேட்டு முடிப்பதற்குள் "இல்ல" என்றுவிடுவார். முகத்தில் அடித்த மாதிரிதான் இருக்கும், ஆனால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

அங்கிருந்து ரயிலில் போய் ஐரோலி ஆபீஸில் டிஸ்ப்ளே சர்வருக்கு நிரல் எழுதுகிறேன். திரையில் எது எங்கே தெரிய வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதுதான். ஒரு மானிட்டரின் ஒயரைப் பிடுங்கினால் அதைக் கணக்கிலிருந்து நீக்குவது டீம் லீட் மகேஷ் எழுதிய பகுதி. மிச்சமிருக்கும் திரைகளில் வரைவது என் பகுதி. அவன் பகுதி சரியாக நீக்காவிட்டால், மானிட்டரைக் காட்ட வேண்டிய பாயின்டர் எதையும் காட்டாத 'நல்' ஆக என்னிடம் வரும். அதற்காக 'அசர்ட்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். பொருள் இல்லையென்றால் நிரலை அங்கேயே நிறுத்தி, எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அது சொல்லிவிடும். மகேஷ் அதை அழித்துவிட்டு, நல் வந்தால் எதையும் வரையாமல் சத்தமில்லாமல் திரும்பிவிடும்படி மாற்றினான். "கஸ்டமர் கே சாம்னே பந்த் நஹி ஹோனா சாஹியே" என்றான். வாடிக்கையாளர் முன்னால் நின்று தொலைக்கக் கூடாதாம்.

நிற்கவில்லைதான். வாடிக்கையாளரிடம் ஒரு ஒயரைப் பிடுங்கியதும் மிச்சத் திரையும் கறுத்துக் கிடந்தது, நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் மகேஷ், "டிராயிங் மீனா கா ஹை" என்று என்னைக் கை காட்டினான். வரைவது மீனாவின் வேலையாம். என் வேலையை நிரந்தரமாக்குவதை மேனேஜர் தள்ளிவைத்தார். தாணேயில் வண்டி மாறி வீடு சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லித் திருத்தலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவனை எல்லார் முன்னாலும் நிறுத்த வேண்டும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் சோதனைப் பிரதியில், மகேஷின் பகுதி முடியும் இடத்திலேயே அசர்ட்டைப் போட்டேன். மேனேஜரையும் டீமையும் கூப்பிட்டு, மானிட்டர் ஒயரை நானே பிடுங்கினேன். நிரல் செத்தது. கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்து நின்றன.

"யே கிஸ்கா ஹை?" என்றார் மேனேஜர்.

யாருடையது என்று எனக்குத் தெரியும். மகேஷே வாய் திறக்கட்டும் என்று அவனையே பார்த்தேன்.

"மேரா" என்றான், தன்னுடையதுதான் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு. மனசு குளிர்ந்துபோனது எனக்கு. இன்றைக்கும் அதில் வருத்தமில்லை.

"அப்போ என் கன்ஃபர்மேஷன், சார்?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"ஹோ ஜாயேகா" என்றார். ஆகிவிடும்.

அது ஆகாமலேயே லீவில் ஊருக்கு வந்தேன். நாக்கு மும்பையின் பாவ் ரொட்டிக்கு ஏங்கியது. தெருமுனைக் கடையில் கேட்டேன்.

"இல்ல."

பழக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லன்னு அப்பவே சொல்லிட்டம்லா? இன்னும் எதுக்கு உக்காந்திருக்க?"