ஐம்பத்து நான்கு மஞ்சள் ஜாக்கெட்டுகள்

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே மஞ்சளில் புடவையும் ஜாக்கெட்டும் உடுத்துவார்கள். திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே உள்ள சின்னத் தெரு அது. வண்ணாரப்பேட்டையில் மொத்தமாகத் துணி எடுத்து, தையலையும் அங்கேயே ஒரு கடையில் கொடுத்துவிடுவது வழக்கம். சில வருடங்களுக்கு முன் அந்த வழக்கத்தை மாற்றியது நான்தான்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர் நான். அந்த வருடம் அரசுத் தேர்வுக்காகப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். செலவுப் பெருக்கி என்ற பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம். அவர் கொஞ்சம் சேமித்து மிச்சத்தைச் செலவழித்தால் அது மூன்றாமவரின் வருமானம். இப்படிக் கைமாறி, முதலில் போட்ட நூறு ரூபாய் பல நூறு ரூபாய் வருமானமாகிறது. பணம் வெளியே ஒழுகிப் போனால் சுற்று அங்கேயே நின்றுவிடும்.

விழாக் கூட்டத்தில் எழுந்து, நோட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலை வாசித்தேன். தையல் கூலி தெருமுனை டெய்லர் அக்காவுக்குப் போகும். அக்கா மீன் வாங்குவது மீன்கார அத்தையிடம். அத்தை காலையில் சாப்பிடுவது எதிர் இட்லிக் கடையில்.

"அப்போ இதுல எனுக்கும் பங்கு கீதா?" என்றார் மீன்கார அத்தை.

"இருக்கு அத்தை."

"அப்பறம் இன்னா பேச்சு? இங்கியே தெச்சிக்கலாம்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். விழாவை நடத்தும் பெரியம்மா மட்டும் டெய்லர் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "சனிக்கெழம சாய்ந்தரம் ஒண்ணு கொறஞ்சாலும் இந்தத் தெரு துணி இனிமே உன் கைக்கு வராது, பாத்துக்க." அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுக் கடை போட்டு நான்கே மாதம் ஆகியிருந்தது. தெரு கைவிட்டால் கடை அவ்வளவுதான்.

பாடத்தின் அடுத்த அத்தியாயத்தை நான் அப்போது படித்திருக்கவில்லை. கைகளும் மெஷின்களும் சும்மா இருக்கும் வரைதான் செலவு உற்பத்தியைக் கூட்டும். எல்லாம் முழு வேகத்தில் ஓடும்போது மேலும் பணத்தைக் கொட்டினால் விலைதான் ஏறும். ஞாயிற்றுக்கிழமை துணி வந்த பிறகே கணக்குப் போட்டேன். ஐம்பத்து நான்கு ஜாக்கெட். ஒரு மெஷின், ஒரு ஆள், ஒரு நாளைக்கு ஆறு. சனிக்கிழமைக்குள் முப்பத்தாறுதான் வரும். அளப்பதே என் தொழில். இதை மட்டும் அளக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விஷயம் வெளியே தெரிந்தது. தன்னுடையதை முதலில் தைக்கச் சொல்லி ஒருத்தி ஐம்பது ரூபாய் அதிகம் கொடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் கொடுத்தாள். மாலைக்குள் தெருவே கொடுத்துவிட்டது.

"எல்லாரும் அம்பது குட்துட்டீங்கோ. இப்போ யார்த முன்னாடி தெக்கிறது?" என்று அக்கா வாசலில் நின்று கத்தினார். "துட்டு குட்தா எனுக்கு மூணாவது கை மொளைக்குமா?" ஒருவர் விடாமல் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று தைத்தது அதே ஆறுதான். புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டியதை எங்கள் தெரு ஒரே சாயங்காலத்தில் நடத்திக் காட்டிவிட்டது.

"தப்பு என்னுதுதான்க்கா," என்றேன்.

"உன் படிப்ப ஊசில கோத்துக் குடு, தெக்கிறேன்." கத்தரியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "கம்பெனில ஒரு லைன்ல முப்பது பேரு. ஒருத்தி கை வெப்பா, ஒருத்தி ஊக்கு வெப்பா. இங்க நானே லைனு, நானே சூப்பர்வைசரு."

"நம்ம தெருவுல வேற யாரெல்லாம் கம்பெனிக்குப் போனாங்க?"

அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை போதவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் நோட்டோடு வீடு வீடாகப் போனேன். ஒரு மெஷின் மேல் தண்ணீர்க் குடம் இருந்தது. ஒன்றுக்கு பெல்ட் அறுந்திருந்தது; அன்று இரவே புது பெல்ட் வாங்கி மாட்டினேன். ஒன்று துணி போர்த்தியபடி நன்றாகவே இருந்தது. கல்யாணச் சீராக வந்த இன்னொன்று டிவிக்கு ஸ்டாண்டாகியிருந்தது.

"மெஷின எட்துட்டா டிவிய எங்கமே வெக்கிறது?" என்றார் அந்த வீட்டுக்காரர்.

"உன் மடில வெச்சிக்கோ," என்றாள் மனைவி. அதற்குள் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை, விழாவுக்காகக் கட்டிய பந்தலின் கீழ் ஐந்து மெஷின்கள் வரிசையாக நின்றன. வெட்டுவது அக்கா. உடல் பகுதியை மூட்ட மூன்று பேர், கை வைக்க இருவர், ஊக்கு வைக்க மீன்கார அத்தையின் மருமகள். நான் மூன்று நாள் லீவு போட்டேன். ஒரு ஜாக்கெட்டின் எல்லாத் துண்டுகளிலும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதுவது என் வேலை. ஒரு தடவை எண் அழிந்து, பெரியம்மாவின் கை, கல்லூரி போகும் ஒல்லிப் பெண்ணின் ஜாக்கெட்டில் ஏறிவிட்டது.

"இதுல ரெண்டு பேரு பூந்து வர்லாம்மே!" என்று பந்தலே சிரித்தது. பிரித்துத் தைத்தார்கள்.

புதன் வரை பதினெட்டு முடிந்திருந்தது. வியாழன் பதினொன்று, வெள்ளி பதினைந்து. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடைசி ஊக்கு ஏறியது. பெரியம்மா இரண்டு முறை எண்ணினார். ஐம்பத்து நான்கு. ஒன்றை உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தார். "அடுத்த வர்சமும் இங்கதான்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, துணி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் பழகிய கால்கள் பெடலிலேயே இருந்தன.

"அட்த்து இன்னா கீது?" என்றாள் டிவி வீட்டு மனைவி.

ஒன்றும் இல்லை. தெருவால் எவ்வளவு தைக்க முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டது. தைக்கக் கொடுக்கத்தான் ஆளைக் காணோம். நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஒரு வருடமாகத் தைக்காமல் வைத்திருந்த ஜன்னல் திரைத் துணியை எடுத்து வந்தபோது, பந்தல் கட்டியவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், கையில் மூட்டாத புது லுங்கியோடு.

"கூலி குட்தாத்தான்," என்றார் அக்கா, நூலைக் கோத்தபடி.

"குடுக்காம எங்க போறேன்? மூட்டுமே."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் லுங்கியோடு வந்துகொண்டிருந்தார்கள்.