தோள் வலிக்க வேண்டினேன்

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். பிள்ளை இல்லாத என்னைச் சோதித்துப் பார்க்க, என் கணவர் திருவரங்குளத்திலிருந்து வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று காற்றைச் செலுத்திப் பார்ப்பார்களாம். பயமாக இருந்தது. முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அடைப்பு இல்லேன்னா, எந்திரிச்சு உக்காந்ததும் தோளு வலிக்கும். வலிச்சா நல்லதுதாம்மா" என்றார் டாக்டரம்மா.

வலி வேண்டும் என்று அன்றுதான் சாமியிடம் கேட்டேன். சோதனை முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் வலது தோள் சுரீரென்று வலித்தது. வெளியே நின்ற கணவரிடம் போய், "என்னங்க, வலிக்குதுங்க" என்று அழுதேன்.

பின்னாலேயே வந்த டாக்டரம்மா அவரிடம், "இனி ஒங்களத்தான் சோதிச்சுப் பாக்கணும்" என்றார். அவர் மாட்டைப் பூட்டப் போய்விட்டார்.

வீட்டு வாசலில் மாமியார், "என்ன சொன்னாக?" என்று கேட்டார். கணவர் தலை நிமிரவில்லை.

"எனக்குத்தான் அத்தை அடைப்பாம்" என்றேன்.

அன்று சாயங்காலம் கணவரே எண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து என் தோளில் தேய்த்துவிட்டார்.

வலி மறுநாளே போய்விட்டது. அவர் வெகுநாள் தேய்த்துக்கொண்டே இருந்தார். வலிக்கவில்லை என்று நானும் சொல்லவில்லை.