பெயர் தெரியாதவருக்கு ஓர் அர்ச்சனை

செனாய் ஊரில் எங்கள் தொழிற்சாலையில் புது சர்வர் மாட்டிய அன்று, சரக்கு ஸ்டோரின் பழைய கம்ப்யூட்டர் அதோடு சேரவே இல்லை. சாயங்காலத்துக்குள் சேராவிட்டால் ஸ்டோர் வேலையைத் தலைமை ஆபிசுக்கு மாற்றிவிடுவோம் என்றார் மேனேஜர். எனக்கு வேறு வேலை தெரியாது. முருகா முருகா என்று நின்றேன்.

சர்வர் மாட்ட வந்தவருக்கு வழுக்கைத் தலை, கழுத்தில் மாலை மாதிரி வயர். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல எந்தப் பெட்டியையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

"ஆயுத பூசைப் பொட்டு இன்னும் இருக்கே. அதான் உயிரோட இருக்கு."

"விளையாடாதீங்கண்ணே. இது போச்சுன்னா என் வேலையும் போச்சு."

அவர் சிரிப்பு நின்றது. "புதுசு உங்க பழசை உள்ள விட மாட்டேங்குதும்மா. கழட்டச் சொன்ன பழைய சர்வரை ஓரமா ஓட விடறேன். உங்களுது அதுகிட்ட பேசட்டும், அது புதுசுகிட்ட பேசட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதுக்கும் வயசாச்சு. சாமிய கும்பிட்டுக்குங்க."

திரையில் சரக்கு விவரம் வந்தது. கண்ணைத் துடைத்துத் திரும்புவதற்குள் அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்கான அர்ச்சனைக்கு ஐயர் பேர் கேட்டார். தெரியவில்லை. "சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றேன்.

இப்போது தினமும் வேலைக்குப் போனதும் அந்தப் பழைய சர்வரைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இருந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.