ஆற்றங்கரையில் ஆமை முட்டை எடுக்கக் கூடாது

எங்கள் ஊரில் கடல் கிடையாது. கடற்கரை விதிகள் மட்டும் உண்டு.

போடிக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், கொட்டகுடி ஆறு தடுப்பணையைத் தாண்டியதும் ஒரு மணல்திட்டைப் பரப்பி வைத்திருக்கிறது. ஆடி மாதம் தண்ணீர் வந்தால் ஊரே அங்கேதான் இருக்கும். மணலுக்குள் இறங்கும் வாசலில், போன வருடம் ஒரு நீலப் பலகை முளைத்தது. பத்திரிகையில் பிழை திருத்திப் பழகிய கண் எனக்கு. எந்தப் பலகையையும் முழுக்கப் படிக்காமல் தாண்ட முடியாது. தலைப்பே, ‘கடற்கரைக்கு வரும் பொதுமக்கள் கவனத்திற்கு’ என்றிருந்தது. அலையில் இறங்கக் கூடாது. படகு விடக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. ஆமை முட்டை எடுக்கக் கூடாது. மணலில் குழி தோண்டவோ மணலை வெளியே எடுத்துச் செல்லவோ கூடாது. மெட்டல் டிடெக்டர் கருவியை மணலுக்குள் கொண்டுவரக் கூடாது. பூ, இலை, மஞ்சள் கயிறு எதையும் தண்ணீரிலோ மணலிலோ விடக் கூடாது. வாசலுக்கு வெளியே உள்ள சாக்குகளில் போட வேண்டும். கடைசி விதி மட்டும் எங்கள் ஊருக்காக எழுதியது. மற்றதெல்லாம் ஏதோ கடலோர ஊரின் பலகையைப் பார்த்து எழுதியது என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் மெட்டல் டிடெக்டர் விதிக்கு எங்கள் ஊரிலும் காரணம் இருந்தது. திருவிழா முடிந்த மறுநாளே சிலர் கருவியோடு வந்து, ஆற்றில் போட்ட காசையும் தவறிய கம்மலையும் தேடி மணலைப் பள்ளம் பள்ளமாக்கிவிட்டுப் போனார்கள். அதில் கால் இடறி விழுந்தவர்கள் உண்டு. அதனால்தான் வாசலில் விசிலோடு ஒரு வாட்ச்மேன்.

இந்த ஆடிப்பெருக்குக்கு நான் மதுரையிலிருந்து ரயிலில் வந்திருந்தேன். தம்பிக்கு அது தலை ஆடி. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு, சிலமலைக்கு அழைத்துப் போகப்பட்ட அவன் மனைவியைத் தாலிக் கயிறு மாற்ற அன்று ஒரு பொழுதுக்கு மட்டும் அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் அவள் அம்மா வந்து திரும்ப அழைத்துக்கொண்டு போவார். தம்பி காலையிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். எலுமிச்சைச் சோற்றைத் தூக்கச் சொன்னால் அதற்கும் சிரித்தான்.

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருக்குப் பதிலாகச் சின்னம்மா வந்து காரியத்தை நடத்தினார். எங்கள் வீட்டு முறை இது: மஞ்சள் துண்டு கோத்த புதுக்கயிற்றை முதலில் கழுத்தில் கட்டிவிட வேண்டும், கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. பிறகு பழைய கயிற்றைக் கழற்றி, அதிலிருக்கும் தாலியையும் இரண்டு தங்கக் குண்டுகளையும் நிதானமாகப் புதியதில் கோத்துக்கொள்ளலாம். அக்கா என்ற முறையில் நான் புதுக்கயிற்றைக் கட்டினேன். பழையதைக் கழற்றி வாழையிலையில், பூவுக்கும் மஞ்சளுக்கும் நடுவே வைத்தேன்.

அப்போது விசில் ஊதியது. பக்கத்துக் குடும்பம் மணலில் அடுப்பு மூட்டிவிட்டது.

“அடுப்பை அணைங்க! எல்லாரும் இலையை எடுங்க, பூவை எடுங்க! மேலே ஆபீசர் வர்றார்!” வாட்ச்மேன் ஊதிக்கொண்டே நடந்தார். கரை முழுக்க ஓட்டமும் சிரிப்பும். நான் சோற்றுத் தூக்கைக் காப்பாற்றப் போனேன், தம்பியும் அவன் மனைவியும் பக்கத்து அடுப்பை அணைக்க ஓடினார்கள். ஆபீசர் யாரும் வரவில்லை. திரும்பி வந்தபோது பாயில் சின்னம்மா இல்லை. மேலே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். இலையும் இல்லை.

சற்றுத் தள்ளி ஒரு வெள்ளாடு வாழையிலையை மென்றுகொண்டிருந்தது.

“மதினி,” என்றாள் தம்பி மனைவி, கழுத்திலிருந்த மஞ்சள் துண்டைப் பிடித்தபடி. “எங்க ஆத்தா மொதல்ல பாக்குறதே கழுத்தைத்தான்.”

தலை ஆடியில் தாலி தொலைந்தது என்றால் சிலமலையில் அதைத் தங்கக் கணக்காகப் பார்க்க மாட்டார்கள்.

இலையை ஆடு இழுத்திருக்கிறது, தாலி மணலில் விழுந்திருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ஒரு சாட்சி, அதுவும் மென்றுகொண்டிருக்கும் சாட்சி, போதும் என்று நினைத்தேன். தம்பிக்கு உடனே யோசனை வந்தது. அவன் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரில், மூட்டைக்குள் கம்பித்துண்டோ ஆணியோ கிடக்கிறதா என்று பார்க்க ஒரு மெட்டல் டிடெக்டர் கட்டை உண்டு. மூட்டை மேல் தடவினால் கீச்சென்று கத்தும். பைக்கை எடுத்துக்கொண்டு போனான், வெரசாக வந்தும்விட்டான்.

வாட்ச்மேன் பலகையை ஒட்டி, வாசலுக்குக் குறுக்கே நின்றார்.

“அது உள்ள வரக்கூடாது மாப்ளே.”

“அண்ணே, எம் பொண்டாட்டி தாலிண்ணே.”

“தாலிக்குன்னு தனியா எழுதலையே. கட்டை அந்தப் பக்கம், மணல் இந்தப் பக்கம்.”

“அப்ப மணலைக் கொஞ்சம் சட்டியில அள்ளி அங்க கொண்டாரோம்.”

“மேல் வரியைப் படி.”

தம்பி படித்தான். மணலை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. கருவி மணலுக்குப் போக முடியாது, மணல் கருவிக்கு வர முடியாது. அந்த இரண்டு வரியையும் எழுதியவர் ஒருவேளை இதே தம்பியை மனதில் வைத்து எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

“ஆடு முழுங்கியிருந்தா? ஆட்டைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?” என்றாள் தம்பி மனைவி திடீரென்று.

வாட்ச்மேன் பலகையை மேலிருந்து கீழே படித்தார். “ஆமை இருக்கு. ஆடு இல்லை.”

அவ்வளவுதான். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓடினாள். இடது பக்கம் நான், தண்ணீர்ப் பக்கம் பக்கத்துக் குடும்பம், அவர்களுடைய அணைத்த அடுப்பைத் தாண்டி இன்னும் யார் யாரோ. “வளைச்சுப் பிடி! கொம்பைப் பிடிக்காதே, காதைப் பிடி!” என்று வாட்ச்மேன் விசிலுக்கு நடுவே வழி சொன்னார். ஆடு இரண்டு தடவை பாயின் மேலேயே ஓடியது. கடைசியில் எலுமிச்சைச் சோற்றைக் காட்டித்தான் அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோக முடிந்தது.

தம்பி கட்டையை ஆட்டின் வயிற்றில் தடவினான். சத்தமில்லை. நெஞ்சுக்குக் கொண்டுபோனான். கீச்சென்று கத்தியது. கூட்டம் ஹோவென்று கூவியது. தம்பி ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“மணி,” என்றேன் நான்.

“என்னக்கா?”

“கழுத்துல மணி கட்டியிருக்காங்கடா.”

மணியைக் கழற்றிவிட்டுத் தடவினார்கள். ஆடு குற்றமற்றது. தம்பி மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டும் ஒன்றாகவே வந்தன. போடிப் பக்கமிருந்து வரும் ரோட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

அப்போது சின்னம்மா உடைத்த தேங்காயோடு படியிறங்கி வந்தார். ஆட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார்.

“என்னடி, கெடா வெட்டா? பிள்ளையாருக்கா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“இலையா? அதை நாந்தான் சுருட்டிக் குப்பைச் சாக்குல போட்டேன். இந்த மனுசன் ஊதுன ஊதுல காது அடைச்சுப் போச்சு.”

“அதுலதானே சின்னம்மா தாலி இருந்துச்சு!”

“கழுத்துலதான் புதுக்கயிறு கட்டியாச்சே! எங்க வீட்டுல எல்லாத்தையும் கோத்துட்டுத்தாண்டி கழுத்துல ஏத்துவோம். கட்டியாச்சுன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.”

சின்னம்மா வாழ்க்கைப்பட்டது உத்தமபாளையம் பக்கம். அங்கே முறை வேறு. ஒரே ஆற்றங்கரையில், ஒரே கழுத்தில், இரண்டு வீட்டு முறையும் மோதியிருக்கிறது. ஆட்டின் இலை வேறு யாருடையதோ.

வாட்ச்மேனின் கொட்டகையை ஒட்டிச் சாக்குகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் இலை, பூ, மஞ்சள் கயிறு. காலையிலிருந்து வந்த அத்தனை பெண்களின் பழைய கயிறும் அங்கேதான் இருந்தது. சின்னம்மாவுக்கு எந்தச் சாக்கு என்று நினைவில்லை.

தம்பி கட்டையைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேனைப் பார்த்தான். வாட்ச்மேன் பலகையைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார். சாக்குகள் வாசலுக்கு வெளியே இருந்தன.

“குப்பை வெளிய வந்துருச்சு, கட்டையும் வெளிய இருக்கு,” என்றார். “இதுல எனக்கென்ன சோலி? தடவு மாப்ளே!”

முதல் சாக்கு கத்தியது. ஊக்கு. இரண்டாவது கத்தியது. யாரோ தொலைத்த எவர்சில்வர் கரண்டி. கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் பாய்ந்து வந்து, “எங்க வீட்டுது!” என்று பிடுங்கிக்கொண்டார். அடுத்ததில் சோடா மூடி. இப்போது வாட்ச்மேனே சாக்கைச் சாய்த்துப் பிடித்தார். கட்டை கத்தும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் அவரும் ஒரு ஊது ஊதினார். ஓரத்துச் சாக்கில் கட்டை விடாமல் கத்தியது. தம்பி மனைவி முழங்கை வரை கையை விட்டாள். மஞ்சள் அப்பிய இலைச்சுருள் ஒன்றை வெளியே எடுத்தாள், பிரித்தாள். தாலி. ஒரு குண்டு. விரலால் பூவை விலக்கினாள். இன்னொரு குண்டு.

ரோட்டில் பஸ் நின்றது. கூடையோடு இறங்கியது அவள் அம்மாதான்.

கரையில் நாங்கள் யாரும் இவ்வளவு வேகமாகக் கோத்ததில்லை. நான் கயிற்றைப் பிடித்தேன், சின்னம்மா கோத்தார், பக்கத்துக் குடும்பத்துப் பெண்கள் சேலையை விரித்து மறைத்து நின்றார்கள். தம்பி ஆட்டை முன்னால் நிறுத்திக்கொண்டு மாமியாருக்குக் கும்பிடு போட்டான்.

அவர் மருமகனையும் ஆட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மகளிடம் வந்தார். கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவசரத்தில் கோணலாக விழுந்திருந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

“சம்மந்தி, இது யாரு வீட்டு முறை? உங்க முறையா, உங்க அக்கா வீட்டு முறையா?” என்று சின்னம்மாவைக் கேட்டார்.

சின்னம்மா வாயைத் திறக்குமுன் பதில் மகளிடமிருந்து வந்தது.

“ரெண்டும் இல்லை ஆத்தா. போர்டுல போட்டிருக்குற முறை.”

அவர் திரும்பிப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். ஆமை முட்டை வரை வந்ததும் நின்று, மகளின் கையில் ஒட்டியிருந்த வாழையிலைத் துணுக்கைப் பார்த்தார். தம்பி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தான். இந்த முறை அவனுக்குக் காரணம் இருந்தது.