குறை சொல்லத் தெரியாத ரிஸ்லா

கிண்ணியாவில் ரிஸ்லாவைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியைத் தேடினாலும் கிடைக்காது. முன்னால் வைத்த சாப்பாட்டுக்குக் குறை சொல்லக்கூடாது என்பது அவளுடைய வாப்பா வீட்டுச் சட்டம். சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் உப்பே இல்லாவிட்டாலும் "நல்லா இரிக்கு" என்று சொல்லிவிட்டு எழும்புவாள். கட்டியவன் இன்னொருத்தியோடு மூதூரில் குடியேறியபோதும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த நாங்கள்தான் அவனைத் திட்டித் தீர்த்தோம்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், குறை கண்டுபிடிக்கிற வேலை! இணையதளங்களை ஆராய்ந்து சொல்ல ஆள் தேவை, கணினி இருந்தால் போதும் என்று கொழும்புக் கம்பனி ஒன்று விளம்பரம் போட்டிருந்தது. பரீட்சையாக மூன்று சைக்கிள் கம்பனிகளின் தளங்களைக் கொடுத்து, வடிவமைப்பில் எது நிறை, எது குறை என்று எழுதச் சொன்னார்கள். வேலை கிடைத்தால் அவள் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை குவைத்துக்கு விமானம். எட்டு வயது மகள் பஸ்னாவை உடன்பிறந்த ராத்தா றஹ்மாவிடம் விட்டுவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டப் போகவேண்டும். பஸ்னாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசி நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மூன்று தளங்களுக்கும் நிறைகளை அள்ளி அள்ளி எழுதினாள். படங்கள் அழகு, நிறங்கள் அழகு, மலைப்பாதையில் சைக்கிள் ஓடும் காட்சி மாஷா அல்லாஹ். குறை என்ற இடத்தில் "பாடுபட்டுச் செய்திருக்கிறார்கள்" என்று எழுதி அனுப்பினாள். கம்பனியிலிருந்து சுலோஜனா என்பவர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, குறை எங்க? பின்னேரத்துக்குள்ள திருத்தி அனுப்புங்கோ. பிறகு ஏலாது."

ரிஸ்லா இரவல் லேப்டாப்பின் முன்னால் கண் கலங்கிக் குந்தியிருந்தாள். ஒரு வரியும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து பஸ்னா வந்து தோளில் சாய்ந்தாள்.

"உம்மா, எனக்கு ஒரு சைக்கிள் பாருங்களேன்."

அந்த மூன்று தளங்களிலேயே சும்மா விளையாட்டுக்குத்தான் வாங்கப் போனார்கள். முதல் தளத்தில் பெரிய வீடியோ ஓடி டேட்டாவைத் தின்றது. விலை எங்கோ அடியில் ஒளிந்திருந்தது. இரண்டாவதில் வெள்ளைமேல் சாம்பல் எழுத்து, கண்ணைச் சுருக்கினாலும் தெரியவில்லை. மூன்றாவதுதான் வழுக்கிக்கொண்டு போனது. சிவப்புச் சைக்கிள். நிறம் கேட்டது, பிள்ளையின் உயரம் கேட்டது, பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கேட்டது. பஸ்னா சுவரோடு ஒட்டி நின்று உயரம் அளந்து கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில், உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை என்று வந்தது. விளையாட்டு என்பதை மறந்தே போயிருந்த பிள்ளையின் முகம் செத்துப்போனது.

ரிஸ்லாவுக்கு அப்படி ஒரு கோபம் வாழ்க்கையில் வந்ததில்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினாள். அதே சூட்டில் எழுதினாள்: எல்லாவற்றையும் கேட்டு ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் இல்லை என்பதுதான் இருப்பதிலேயே பெரிய குறை. முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சுலோஜனா உடனே கூப்பிட்டார்.

"தங்கச்சி, இப்பிடி ஒருத்தரும் எழுதேல்ல. எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிட்டுது. எங்க இருக்கிறீங்கள்? விலாசத்தைச் சொல்லுங்கோ."

"கிண்ணியா, அக்கா."

"கிண்ணியாவோ? ஐயோ, கொழும்பில இருக்கிற ஆக்களை மட்டும்தானே எடுக்கிறம். ஒவ்வொரு நாளும் ஒஃபிசுக்கு வரவேணும்."

"அக்கா, இத மொதல்லயே சொல்லியிரிக்கலாமே" என்றாள் ரிஸ்லா. ஒரு மனுஷருக்கு நேராக அவள் சொன்ன முதல் குறை அது. சுலோஜனா போனை வைத்துவிட்டார்.

"வேல கெடச்சிட்டா உம்மா?" என்று கேட்டாள் பஸ்னா.

ரிஸ்லா வாயைத் திறந்தாள். "நல்லா இரிக்கு" என்ற பழைய சொல்தான் முதலில் வரப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு, மகளை இழுத்து மடியில் இருத்தினாள்.

"உம்மா வெள்ளிக்கிழம குவைத்துக்குப் போறன், மகள். ஒரு மாசமாவே எனக்குத் தெரியும்."

பஸ்னா மடியிலிருந்து இறங்கிப் போய், உயரம் அளந்த அதே சுவரோரம் நின்றாள். "மொதல்லயே சொல்றதுக்கென்ன உம்மா?" என்றாள்.