நாலு மூலை அக்கி

இரத்தப் பரிசோதனைக்குப் போனால் எனக்கு ஊசியிடம் பயமில்லை. ஊசியை உருவியதும் ஒட்ட வருவார்களே பிளாஸ்திரி, அதனிடம்தான் பயம். "பஞ்சை நானே அழுத்திப் பிடிச்சுக்கிடுதேன் சிஸ்டர்" என்று கையை மடக்கிக்கொள்வேன். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தப் பசை என் தோலுக்கு ஆகாது என்று கண்டுபிடித்தவள் என் அக்கா. அதுவும் ஒரு சிங்கத்தை அழித்துவிட்டு!

மூன்றாம் வகுப்புக் கோடை விடுமுறை. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் சைக்கிளின் முன்சக்கரம் இறங்க, நான் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். உள்ளூரச் சந்தோஷம்தான். வகுப்பில் எல்லாரும் ஒட்டிவரும் பிளாஸ்திரி எனக்கும் கிடைக்குமே! அப்பா வாங்கிவந்து ஒட்டினார். மறுநாள் அரிப்பு. அதற்கடுத்த நாள் பிய்த்துப் பார்த்தால் புண்ணைச் சுற்றிச் சிவந்து, பொடிப் பொடிக் கொப்புளம்.

"அக்கிதான்" என்றாள் அம்மா.

எங்கள் பக்கம் அக்கிக்கு ஆஸ்பத்திரி கிடையாது, பானை செய்கிறவர் வீடுதான். அவர் அக்கியை விரட்டக் காவியைக் குழைத்து என் முழங்காலில் ஒரு சிங்கம் எழுதினார். வால் கெண்டைக்கால் வரை போயிற்று. புண்ணில் காவி படக் கூடாதென்று அப்பா புதிதாக இன்னொரு பிளாஸ்திரி ஒட்டினார். மறுநாள் சிங்கத்துக்கே கொப்புளம்.

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு வந்த அக்கா, பிளாஸ்திரியைப் பிய்த்து, ஈரத்துணியால் சிங்கத்தைத் துடைத்தெடுத்தாள்.

"ஏம்மா, அக்கி என்ன ஸ்கேல் வச்சா படரும்? நாலு மூலையும் எப்படி இருக்குன்னு பாரு!"

"சிங்கத்தை அழிச்சிட்டியேட்டி, பாவி!"

"அது காட்டுக்குப் போயிட்டு."

தன் நீலத் தாவணியைக் கிழித்து, கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்துக் கட்டினாள். முடிச்சின் இரு நுனியும் முயல் காதுபோல நிற்கும். அதற்குப் பிறகு எனக்குப் பட்ட எல்லாக் காயத்துக்கும் அவள்தான். விரலில் பட்டால் ஒற்றைக் கையால் அந்த முடிச்சைப் போட முடியாது. பின்னாளில் காலேஜ் ஹாஸ்டலில் எத்தனையோ முறை பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டேன். காது நிற்பதில்லை.

அடுத்த வருஷம் அக்காவைக் குளத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். போகும்போது மிச்சத் தாவணியைக் கிழித்துச் சுருட்டி, பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டுப் போனாள். ஆறு மாதத்தில் தீர்த்துவிட்டேன். அப்பாவின் போனை வாங்கி, "துணி தீந்துபோச்சுக்கா, எப்ப வருத?" என்றேன்.

அவள் கேட்டாள்: "துணிக்குத்தானா ஏட்டி என்னைத் தேடுத?"

"ஆமா" என்றேன். வேறெதற்கு?

அடுத்த வாரம் அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவரிடம் பெரிய பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு துணியும் கொதிக்கவைத்து, காயவைத்து, சுருட்டியது. ரெண்டு வருஷத்துக்குக் காணும். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். இனி ரெண்டு வருஷத்துக்கு அவளைக் கூப்பிட எனக்குக் காரணமே இல்லை என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.