ஆர்லோ அவிழ்த்துவிட்ட மாடு

மளிகைக் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவரின் இடுப்பை ஆர்லோ ஸ்டெம்பெல் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இறுக்கம். இந்தாளு ஒரு தடவ திரும்பி முடிக்க ஒரு வாரம் ஆகும்" என்று முணுமுணுக்கிறார். முன்னால் நிற்கிறவர் எங்கள் ஊர்ப் பாதிரியார்.

கல்லூரிப் பையன்களில் எவன் தேறுவான் என்று பார்த்துச் சொல்வதுதான் ஆர்லோவின் பிழைப்பு. எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக நெப்ராஸ்கா, வட டக்கோட்டா, தென் டக்கோட்டா என்று மூன்று மாநிலங்களிலும் சுற்றுகிறார். அவர் கார் போகாத சாலையை இன்னும் யாரும் போடவில்லை. காருக்குள் முழங்கால் உயரத்துக்குச் சூரியகாந்தி விதை சிந்திக் கிடக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு மழை பெய்தால் அறுவடையே செய்யலாம். உட்கார்ந்தால் நாற்காலி சுடுகிற உடம்பு அவருக்கு. மருத்துவர் ரத்த அழுத்தம் பார்க்கக்கூட அவர் பின்னாலேயே நடக்கவேண்டும்.

மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்து வந்தபோதும் இதே பார்வைதான். "காலு பரவால்ல. தோளுதான் சரியில்ல. அஞ்சாவது சுற்றுக்கு முன்னால நான் எடுக்க மாட்டேன்."

"எடுத்தாச்சு. வாய மூடிட்டு உக்காருங்க" என்றார் மனைவி கெய்ல்.

ஏப்ரல் வந்தால் அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாக, கல்லூரிப் பையன்களின் பெயரைச் சொல்லும். முதலில் சொன்னவருக்கே பையன் சொந்தம். அதனால் ஒருவனைப் பிடித்துப்போனால் அதை முகத்தில் காட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலின் வேதம்.

இந்த வருஷம் ஆர்லோவுக்குப் பிடித்துப்போனவன் டெலானோ பிக்ஸ். சோளக்காட்டு ஓரத்துச் சின்னக் கல்லூரியில், எதிராளிகளைத் தள்ளிப் பந்து வைத்திருப்பவனுக்கு வழி உண்டாக்குகிற வேலை அவனுக்கு. அவன் தள்ளினால் ஆள் பக்கத்து மாநிலத்தில் போய் விழுவான். அவன் ஆட்டத்தைப் பார்க்க மைதான வேலியோரம் நின்ற மற்ற அணிக்காரர்கள் காதில் விழும்படி ஆர்லோ பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"என்னய்யா, பையன் எப்படி?" என்று கேட்டார் போட்டி அணியின் கர்ட்.

"சுத்த சோம்பேறி. மீட்டிங் போட்டா தூங்கிடுறான். அவன் குறட்டையில பக்கத்து வயல்ல மாடு மிரண்டு ஓடுதாம்."

கர்ட் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். ஆர்லோ காருக்குள் போய்த் தனியாகச் சிரித்திருப்பார்.

பெயர் சொல்லி எடுக்கிற நாளன்று எங்கள் அணிக்காரர்கள் கூடுகிற அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவன் நான். அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சுவர் முழுக்கப் பெயர் அட்டைகள். ஆறாவது சுற்றில் எங்கள் முறை. யோசிக்க ஐந்தே நிமிஷம். கதவுக்கும் சுவருக்கும் நடந்து நடந்து ஆர்லோ கம்பளத்தில் ஒரு வாய்க்காலே வெட்டிவிட்டார்.

"டெலானோவ எடுங்க ஹாலிஸ். இவனுக்காக நான் இந்த மேசை மேல ஏறி நின்னுகூட வாதாடுவேன்."

ஹாலிஸ்தான் முடிவு சொல்கிற முதலாளி. அவர் கை டெலானோவின் அட்டையைச் சுவரிலிருந்து எடுக்கப் போனது, எடுத்துக் குப்பையில் போட. "மூணு அணிக்காரங்க எங்கிட்ட சொல்லிட்டாங்க. பையன் சோம்பேறியாம். மீட்டிங்ல தூங்குறானாம். குறட்டைக்கு மாடு மிரளுதாம்."

ஆர்லோவின் நடை நின்றது. காது இரண்டும் பீட்ரூட் ஆயின.

"அந்த மாடு என்னோடது, ஹாலிஸ்."

"என்னது?"

"நான்தான் அவுத்து விட்டேன். கர்ட்டுகிட்ட. அவங்க இவன எடுத்துரக் கூடாதுன்னு."

அறை வெடித்துச் சிரித்தது. நான் தட்டோடு சுவரில் சாய்ந்துவிட்டேன். ஹாலிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊரெல்லாம் பொய் சொன்ன வாய்தானேய்யா இது? எங்கிட்ட மட்டும் நெசம் பேசுதுன்னு எப்படி நம்புறது?"

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் டெலானோவைத் தேவகுமாரனாக்கிய ஆர்லோ, அவன் குறைகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"கை நீளம் பத்தாது. அத மறைக்க முன்னாடியே பாயுறான், தந்திரக்காரன் எதிர்ல நின்னா ஏமாந்துடுறான். முத ரெண்டு எட்டு மெதுவு. தோத்துட்டா ரெண்டு நாளு யார்கிட்டயும் பேச மாட்டான். இதெல்லாம் உங்ககிட்ட சொல்லல. ஆனா முழு ஆட்டமும் உக்காந்து பார்த்தேன் ஹாலிஸ், ஒரு தடவகூட அவன் பாதில விடல. நாப்பது புள்ளி பின்னால கெடந்தப்பவும் தள்ளிக்கிட்டேதான் இருந்தான்."

"தப்பாப் போனா?"

"அடுத்த வருஷம் என் எடத்துக்கும் சேர்த்து ஆள் தேடுங்க."

கடிகாரத்தில் கடைசி நிமிஷம் கரைந்தது. ஹாலிஸ், பெயர் அறிவிக்கிற இடத்தில் மேசையில் இருந்த எங்கள் ஆளுக்கு டெலானோவின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டு, தொலைபேசியை ஆர்லோவின் கையில் வைத்தார். "நீயே பையனுக்குச் சொல்லு. சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காம சொல்லு."

மறுமுனையில் மணி அடித்தது. "ஹலோ?" என்றது ஒரு குரல், பின்னால் ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அமைதி. ஆர்லோ தொப்பியைக் கழற்றினார். பையன் எதிரிலேயே நிற்பதுபோல, நாலே நாலு முடியை விரலால் சீவிச் சரிசெய்துகொண்டார்.